அயல் கடலின் உணவு: அருவருப்பும் விவரமும்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ போருக்குத் தப்பியோ வேறு நாட்டில் குடியேறுபவர்கள் அந்த ஊர் மொழியைச் சில ஆண்டுகளில் ஓரளவு பிடித்துவிடுகிறார்கள். குளிரும் பழகிவிடுகிறது. எளிதில் பழகாதது சாப்பாடு, அதிலும் குறிப்பாகக் கடலுணவு. கோழியும் முட்டையும் உருளைக்கிழங்கும் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மீன் அப்படியில்லை. ஒவ்வொரு கடலுக்கும் அதனதன் உயிர்கள், ஒவ்வொரு கரைக்கும் அதனதன் பக்குவம். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று வளர்ந்தவர்கள்கூட ஆஸ்லோவிலும் சியோலிலும் டோக்கியோவிலும் உள்ளூர் மீன் கடையைத் தாண்டிப்போய், உறைய வைத்து வந்திறங்கிய வஞ்சிரத்தைத் தேடுகிறார்கள்.

புதிய ஊரின் கடலுணவை எதிர்கொள்ளும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, முகம் சுளித்து ஒதுக்குவது. மற்றொன்று, அதைச் சாகசமாக்குவது: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை விழுங்கி, அதைக் கைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டுவது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இந்த மக்கள் இதை ஏன் இப்படிச் சமைத்தார்கள் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மறுப்பில் எது பழக்கத்திலிருந்து வருவது, எது உண்மையான ஆபத்திலிருந்து வருவது என்று பிரித்தறிய வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

மனம் ஏன் பின்வாங்குகிறது

அமெரிக்க உளவியலாளர் பால் ரோஸின் 1976-இல் ஒரு சிக்கலை விளக்கினார். யூகலிப்டஸ் இலையை மட்டும் தின்னும் கோவாலாவுக்கு உணவில் குழப்பமே கிடையாது. எதையும் தின்னக்கூடிய மனிதனுக்கும் எலிக்கும் ஓயாத குழப்பம்: புதியதைத் தின்றால் புதிய சத்து கிடைக்கலாம், விஷமாக இருந்தால் உயிரும் போகலாம். ஆகவே ஆவலும் அச்சமும் நமக்குள் சேர்ந்தே இருக்கின்றன. புதிய உணவின் மீதான இந்த அச்சம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதை அளப்பதற்கான ஒரு வினாத்தொகுப்பை 1992-இல் கனடாவின் பிளைனரும் ஹாப்டனும் உருவாக்கினார்கள். குழந்தைகளை வைத்து லியான் பெர்ச் நடத்திய ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. ஒரே உணவை வற்புறுத்தாமல் பல முறை சுவைக்கக் கொடுத்தால் பிடித்தம் மெல்லக் கூடுகிறது. ஒரு தடவை வாயில் வைத்துவிட்டு 'எனக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பெழுதுவது, வழக்கை விசாரிக்காமல் முடித்து வைப்பதற்குச் சமம்.

அருவருப்பு பெரும்பாலும் விலங்குகளிலிருந்து வரும் உணவுகளைச் சுற்றியே எழுகிறது என்பதும் ரோஸின் வலியுறுத்திய கருத்து. தெரியாத காயைப் பார்த்து யாரும் குமட்டுவதில்லை. கடலுணவிலோ குமட்டலுக்குக் காரணமாகும் எல்லாம் ஒன்றாய்க் கூடி நிற்கின்றன: வாடை, வழவழப்பு, உயிரோடிருந்த உருவம், சில வேளைகளில் பச்சை மாமிசம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு சுறா, இரண்டு கரைகள்

கடல் நீரின் உப்பு மீனின் உடலிலிருக்கும் நீரை இழுத்துவிடப் பார்க்கும். அதை ஈடுகட்டக் கடல்மீன்கள் பலவும் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைக்கின்றன. உயிர் போனதும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றுகின்றன. நாம் மீன் கவிச்சி என்று சொல்வது முக்கியமாக இதைத்தான். அமிலம் பட்டால் இந்தப் பொருள் உப்பாக மாறிக் காற்றில் எழும்புவது குறைகிறது. ஐரோப்பியர் எலுமிச்சை பிழிவதும், ஜப்பானியர் அரிசி வினிகரில் ஊறவைப்பதும், நாம் புளி கரைத்து ஊற்றுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சுறாவும் திருக்கையும் இதோடு நிற்பதில்லை. அவை யூரியாவையும் உடலில் தேக்கி வைத்திருப்பவை. இறந்தபின் யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. இந்த ஒரே வேதியியலுக்கு இரண்டு கரைகள் எதிரெதிரான விடைகளைக் கண்டிருக்கின்றன.

நம் கரையின் விடை வேகம். பால் சுறாவை வந்த அன்றே வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, முள்ளை எடுத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்துப் புட்டாக வதக்குகிறோம். வெப்பமான ஊரில் ஒரு நாள் தவறினால் வீடு முழுக்க வாடை வீசும். ஆகவே அம்மோனியா உருவாவதற்கு முன்பே உலை கொதித்தாக வேண்டும்.

ஐஸ்லாந்தின் விடை பொறுமை. அங்கே கிடைத்த கிரீன்லாந்துச் சுறாவைப் பிடித்த கையோடு சமைத்துத் தின்றால் விஷம். அதனால் அதன் இறைச்சியைக் கரையோரச் சரளைக் குழியில் புதைத்து, மேலே கல்லேற்றி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை நொதிக்கவிட்டு நீரை வடித்தார்கள். பிறகு காற்றோட்டமான கொட்டகையில் நாலைந்து மாதம் தொங்கவிட்டார்கள். மேலே படியும் பழுப்புத் தோலைச் சீவிவிட்டு உள்ளிருக்கும் பகுதியைச் சிறு கட்டிகளாக வெட்டுவார்கள். இதுதான் ஹாகார்ல். வயிற்றுப் பகுதி சிவந்து இழுவையாகவும், உடற்பகுதி வெளுத்து மென்மையாகவும் இருக்கும். நடுக்குளிர்கால விருந்தில் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாகப் பரிமாறி, பிரென்னிவின் என்ற சாராயத்தையும் உடன் வைக்கிறார்கள். வாடை மூக்கில் ஏறுவது உண்மை. மரமும் தானியமும் அரிதான தீவில், விஷமான ஒரு பெரிய மீனை நெருப்பே இல்லாமல் உணவாக்கியிருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

கொரியாவின் ஹொங்கோவும் இதே வகையைச் சேர்ந்தது. தென்மேற்கிலிருக்கும் ஹுக்சான் தீவுப் பக்கம் பிடிபடும் திருக்கை இன மீனை நொதிக்கவைத்து உண்கிறார்கள். தீவிலிருந்து ஆற்று வழியாக யோங்சான்போவுக்குப் படகு வந்து சேர்வதற்குள் மற்ற மீன்கள் அழுகிப்போக, இது மட்டும் கெடாமல் நின்றது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். உருவாகும் அம்மோனியா மற்ற கிருமிகளை அண்டவிடாது என்பதால் அந்தச் சொல்லில் பொருளிருக்கிறது. இதைத் தனியாகத் தின்னும் அந்நியருக்குத் தொண்டை எரியும், கண் கலங்கும். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதோ சம்ஹாப்பாக: ஒரு துண்டு மீன், ஒரு துண்டு கொழுப்புள்ள வேகவைத்த பன்றி இறைச்சி, நன்கு புளித்த கிம்ச்சி ஓர் இலை. மூன்றையும் ஒரே வாயில் வைத்து, மேலே கலங்கிய அரிசிக் கள்ளான மக்கோலியைக் குடிப்பார்கள். அம்மோனியாவின் காரத்தைக் கிம்ச்சியின் புளிப்பு தணிக்கிறது, கொழுப்பு நாக்கில் படர்ந்து எரிச்சலைத் தாங்குகிறது. துணையுணவை விலக்கிவிட்டு ஹொங்கோவை மட்டும் ருசி பார்த்து எழுதப்படும் தீர்ப்புகள், பாதி உணவைத் தின்றுவிட்டு எழுதப்படுபவை.

குளிர் சமைத்த மீன்

வட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டமாக முட்டையிட வருகிறது. தலையை வெட்டி, குடல் நீக்கி, வாலோடு வால் கட்டி, மரச் சட்டங்களில் பிப்ரவரி முதல் மே வரை காயப் போடுகிறார்கள். உப்புக் கிடையாது. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருப்பதால் மீன் அழுகவும் செய்யாது, உறைந்து வெடிக்கவும் செய்யாது. ஈக்கள் வரும் பருவத்துக்கு முன்பே நீர் பெரும்பாலும் வற்றிவிடுகிறது. வெயிலும் உப்பும் சேர்ந்து உண்டாக்கும் நம் கருவாட்டுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்று, கருவி வேறு. நம்மிடம் வெயில் இருந்தது, அவர்களிடம் குளிர்ந்த காற்று இருந்தது.

இந்த உலர்மீன் அயல்நாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் பழைய கதை ஒன்றையும் தாங்கியிருக்கிறது. வெனிஸ் நகர வணிகர் பியட்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிதைந்து, உயிர் தப்பிய சிலர் 1432-இல் லொஃபோட்டனின் ரோஸ்ட் தீவை அடைந்தார்கள். சில மாதங்கள் அங்கிருந்த மீனவர்களின் வீட்டில் தங்கி அவர்கள் தின்றதையே தின்றார்கள். ஊர் திரும்பிய குவெரினி, உப்பில்லாமல் மரக்கட்டை போல் காயும் இந்த மீனைப் பற்றி எழுதி வைத்தார். இன்று லொஃபோட்டன் உலர்மீனுக்கு இத்தாலி முக்கியமான சந்தை. விச்சென்சா நகரம் அதைப் பாலிலும் ஆலிவ் எண்ணெயிலும் வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேகவைத்துத் தன் சொந்தப் பெருமையாகவே கொண்டாடுகிறது. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது நிவாரணமாகப் போன உலர்மீன் நைஜீரியாவில் ஆழ வேரூன்றியது. நார்வேயில் அவ்வளவாக உண்ணப்படாத மீன்தலைகளும் அங்கே குழம்புக்கு விரும்பி வாங்கப்படுகின்றன. அந்நிய மீன் என்பது நிலையான அடையாளம் கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே உலர்மீனின் இன்னொரு பிறவி லூட்டஃபிஸ்க். மரம் போலிருக்கும் மீனைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காரநீரில் போட்டால் தசை உப்பி, கண்ணாடி போன்ற பளபளப்புக்கு வருகிறது. காரம் போகும்வரை மறுபடியும் பல நாள் நீர் மாற்றி அலசுகிறார்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இது மேசைக்கு வரும்போது தட்டில் லேசாக நடுங்கும். தனக்கென்று அதிகச் சுவை இல்லை. சுவையெல்லாம் சுற்றியிருப்பவற்றில்: உருக்கிய பன்றிக் கொழுப்பில் பொரிந்த துண்டுகள், மசித்த பட்டாணி, உருளைக்கிழங்கு, சில ஊர்களில் கடுகு. முதல் தடவை சாப்பிடும் தமிழருக்கு வாடையைவிட அந்த வழுக்கல்தான் சிரமம் தரும். வெண்டைக்காயின் வழவழப்பை விரும்பித் தின்னும் நாக்குக்கு அது கடக்க முடியாத தூரமும் இல்லை.

புளிக்கவைத்தலும் அதன் எல்லையும்

உப்பு விலையேறிய காலங்களில் வட ஐரோப்பியர் குறைந்த உப்பில் மீனைப் பாதுகாத்தார்கள். நார்வேயின் வால்ட்ரஸ் பகுதியில் டிரவுட் மீனை லேசாக உப்பிட்டு, குளிர்ந்த இடத்தில் பீப்பாயில் இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை வைத்து ராக்ஃபிஸ்க் செய்கிறார்கள். வேகவைக்காமல் மெல்லிய ரொட்டியில் வைத்து, வெங்காயமும் புளித்த பாலேடும் சேர்த்து உண்கிறார்கள். ஸ்வீடனின் சூர்ஸ்ட்ரோமிங், பால்டிக் ஹெர்ரிங் மீனில் செய்வது. டப்பாவுக்குள்ளும் நொதித்தல் தொடர்வதால் டப்பா உப்பிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் அதை வீட்டுக்கு வெளியில்தான் திறப்பார்கள். ஆகஸ்டு மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை அதற்கான மரபு நாள்.

இங்கேதான் விவரத்தின் அவசியம் கூடுகிறது. ராக்ஃபிஸ்க் வேகாத உணவு, லிஸ்டீரியா கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் அதைத் தவிர்க்க வேண்டுமென்று நார்வே அரசின் உணவுத் துறையே அறிவுறுத்துகிறது. உப்பும் வெப்பமும் பிசகினால் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சு உருவாகலாம். விருந்துக்கு அழைத்தவர் மனம் கோணக்கூடாதென்று ஒரு கர்ப்பிணிப் பெண் இதைச் சாப்பிடத் தேவையில்லை. காரணத்தைச் சொன்னால் அந்த வீட்டுப் பாட்டியே தட்டை எடுத்துவிடுவார்.

பச்சை மீனும் விஷ மீனும்

பச்சை மீன் என்றதும் ஜப்பானின் சூஷி நினைவுக்கு வரும். ஆனால் இன்று உலகெங்கும் சூஷியின் முகமாக இருக்கும் சால்மனை முன்பு ஜப்பானியர் பொதுவாகப் பச்சையாகத் தின்றதில்லை. அவர்கள் கடலில் கிடைத்த பசிபிக் சால்மனில் அனிசாக்கிஸ் போன்ற புழுக்கள் இருந்ததால் உப்பிட்டோ சுட்டோதான் உண்டார்கள். நார்வே பண்ணைச் சால்மனை விற்க, 1985-இல் அந்நாட்டு மீன்வள அமைச்சர் தூர் லிஸ்டாவ் ஒரு குழுவோடு ஜப்பான் போனார். உலர்தீவனம் தின்று வளரும் மீனில் அந்தப் புழு வருவது மிக அரிது என்று விளக்கியும், நிறம் சரியில்லை, மணம் சரியில்லை என்று மறுப்புகள் வந்தன. அந்த எதிர்ப்பு கரையப் பத்தாண்டுக்கு நெருக்கமாயிற்று. மீன் உண்பதில் உலகின் ஆசான் என்று நாம் கருதும் மக்களே தெரியாத மீனுக்கு முன் தயங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நீங்கியபின் மெல்ல வழிவிட்டார்கள். பின்பற்றத்தக்க முறை இது.

பச்சையாக உண்ணும் மீனில் புழுவைக் கொல்ல, குறைந்தது 24 மணி நேரம் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் உறைய வைக்க வேண்டுமென்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பண்ணைச் சால்மன் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கடையில் 'பச்சையாக உண்ணத்தக்கது' என்று சொல்லி விற்கப்படாத மீனை வீட்டில் சூஷியாக்குவது துணிச்சல் ஆகாது.

ஃபூகு இன்னும் கடுமையான பாடம். நம் மீனவர்கள் பேத்தை என்று வலையிலிருந்து தூக்கியெறியும் மீன் இனத்தைத்தான் ஜப்பானியர் விருந்தாக்கியிருக்கிறார்கள். அதன் ஈரலிலும் சினைப்பையிலும் தேங்கும் டெட்ரோடாக்சினுக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் அழியாது. 1975-இல் கபுகி நாடகத்தின் பெரும் நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ கியோட்டோவில் ஃபூகு ஈரல் உண்டு இறந்தார். இன்று ஈரலை உணவகத்தில் பரிமாறத் தடை இருக்கிறது, மீனை அறுப்பவருக்கு உரிமமும் பயிற்சியும் கட்டாயம். உரிமம் பெற்றவர் கையால் உண்பதும், தூண்டிலில் பிடித்ததை வீட்டில் அறுப்பதும் இரு வேறு செயல்கள். நம் மீனவர் பேத்தையை எறிவதும் ஜப்பானியர் அதை உரிமத்தோடு சமைப்பதும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள்.

நாம் பிடித்து, நாம் தின்னாதது

கடல் அட்டை இந்த விவாதத்தில் நம்மையே நோக்கித் திரும்பும் சான்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தமிழ் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்து, வேகவைத்துக் காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்பினார்கள். சீனாவில் மணவிருந்துக்கு உரிய அதை, எடுத்த கரையில் யாரும் உலையில் போடவில்லை. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் இந்தியா 2001-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. யாழ்ப்பாணக் கரையில் இன்று அது பண்ணைகளில் வளர்கிறது. சாங்காயில் வேலை பார்க்கும் ஒரு ராமநாதபுரத்து இளைஞருக்கு விருந்தில் கடல் அட்டை வந்தால், அது அவருக்கு முற்றிலும் அந்நியப் பொருள் அல்ல. சாப்பிடும் மரபு மட்டுமே அவரிடம் இல்லை. அந்தக் கறியில் தேட வேண்டியது சுவையை விட, மெல்லும்போது கிடைக்கும் இழுவையை. சாறு ஊறிய அந்த இழுவைக்காகவே சீனச் சமையற்காரர்கள் நாள்கணக்கில் அதை ஊறவைக்கிறார்கள்.

வடதுருவ வட்டத்தில் தமிழர்

தமிழர் இந்த அனுபவத்தைத் தனி ஆட்களாக மட்டும் பெறவில்லை. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் 1956-இல் நார்வே போய் மீன்பிடித் தொழில்நுட்பம் கற்றார். அங்கே திரட்டிய ஆதரவோடு 1967-இல் சீ-நோர் நிறுவனம் காரைநகரில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் படிக்கச் சென்றவர்களும், 1980-களில் போருக்குத் தப்பியவர்களும் வட நார்வேயின் ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். காட் மீனை நாள் முழுதும் கையாண்டவர்களுக்கு அந்த மீன் வாடை அந்நியமாக இருக்க முடியவில்லை. ஆனால் சமையலில் அது எளிதாக மசியவில்லை. கொழுப்புக் குறைந்து இதழ் இதழாகப் பிரியும் காட், நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் உதிர்ந்து கரைந்துவிடும். புளியும் தேங்காய்ப் பாலும் முன்பே கொதித்துக் கூடிய பிறகு, கடைசியில் துண்டுகளை இறக்கிச் சில நிமிடத்தில் அடுப்பை அணைத்தால்தான் மீன் நிற்கும். சதை இறுகிய சீலா மீனுக்குப் பழகிய கை, இதற்காக ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழகிய மசாலாவைச் சேர்த்தால் தெரியாத பொருளையும் நாக்கு ஏற்றுக்கொள்ளும் என்று சமையல் நூலாசிரியர் எலிசபெத் ரோஸின் 1970-களில் எழுதினார். அது உண்மை, முதல் படியாக நல்லதும்கூட. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குழம்பாக்கினால், காட் மீன் காட் மீனாக என்ன சொல்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போகும். நார்வேயின் மியோல்யே இதற்கு நல்ல பயிற்சி: கொதிநிலைக்குக் கீழே உப்பு நீரில் மெல்ல வெந்த காட், வெங்காயம் சேர்த்துச் சூடாக்கிய அதன் ஈரல், துணியிலோ தாளிலோ சுற்றி வேகவைத்த சினை, கூடவே உருளைக்கிழங்கு. மீன் சினையையும் ஈரலையும் வீட்டில் போட்டி போட்டுத் தின்ற தமிழருக்கு இது தூரத்து உறவு. காட் மீனின் நாக்கைப் பொரித்துத் தின்பதும் அங்கே வழக்கம். அதை அறுத்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் உரிமை.

நியாயமான மறுப்புகள்

எதையும் தின்னத்தான் வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவர் புதிய நண்டு வகையையும் விலக்க வேண்டும். அவற்றுக்குப் பொதுவான டிரோபோமயோசின் என்ற புரதமே பெரும்பாலும் காரணம். பாறைகளில் இலவசமாய்க் கிடைக்கும் சிப்பியில் கடல்பாசி நஞ்சு இருக்கலாம், அது வெந்தாலும் போகாது. நார்வேயில் எந்தக் கரையில் சிப்பி எடுக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து அறிவிக்கிறது. மொழி தெரியாதவர் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குனிய வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்கள் குளிரில் இல்லாமல் கிடந்தால் உருவாகும் ஹிஸ்டமினையும் அடுப்பு அழிக்காது.

அறம் சார்ந்த மறுப்பும் உண்டு. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது. கிரீன்லாந்துச் சுறா நூற்றாண்டுகள் வாழ்வது, மிக மெல்லப் பெருகுவது. ஊர் வழக்கம் என்பதாலேயே அவற்றைத் தின்றாக வேண்டிய கடமை விருந்தாளிக்கு இல்லை. மத நெறியாலோ சைவ உணவுப் பழக்கத்தாலோ மறுப்பவரும் விளக்கம் சொல்லிக் களைக்கத் தேவையில்லை.

முடிவாக

இந்தச் சான்றுகள் சேர்ந்து காட்டும் பாதை தெளிவானது. அயல்நாட்டில் தெரியாத கடலுணவு எதிரே வந்தால் மூன்று கேள்விகள் போதும். இதை இப்படிச் செய்ய இந்தக் கடலும் பருவமும் என்ன காரணம் வைத்திருந்தன? உள்ளூர்க்காரர்கள் இதை எந்த மாதத்தில், எதோடு சேர்த்து உண்கிறார்கள்? யார் இதை உண்ணக்கூடாது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த ஒருவர் வீட்டு மேசையில் முதல் வாயை உண்பது, உணவகத்தில் தனியே உண்பதைவிட நல்லது. பிடிக்கவில்லையென்றால் சில மாதம் விட்டு இன்னொரு முறை பார்க்கலாம். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் அந்த மறுப்பு விவரம் தெரிந்தவரின் மறுப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடியேறியவரின் பிள்ளைகள் பள்ளியில் அந்த ஊர் மீனைத் தின்று வளர்கிறார்கள். வீட்டில் பெற்றோர் அதைப் பார்த்து முகம் சுளித்தால், பிள்ளை ஏதோ ஒரு பக்கத்தை மறைக்கக் கற்றுக்கொள்ளும். சுறாப் புட்டையும் ராக்ஃபிஸ்க்கையும் ஒரே ஆர்வத்தோடு விளக்கிச் சொல்லும் வீட்டில் அந்த மறைப்புக்கு அவசியமே வராது. புதிய கடலை விவரத்தோடு உண்ணப் பழகுவதன் பெரிய பயன் அதுவே.